தனியா வராதுங்க!

ஹாலோஜன் அடுப்பின் மூடியில் உள்ள விளக்கு போய்விட்டதா? பதறாதீர்கள். விளக்கை மட்டும் மாற்றும் பிற்போக்குப் பழக்கத்திலிருந்து உற்பத்தியாளர்கள் நம்மை விடுவித்து நாளாகிறது.

உள்ளே இருப்பது ஒரு குவார்ட்ஸ் குழாய், டங்ஸ்டன் இழை, துளி ஹாலோஜன். இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டனை ஹாலோஜன் திரும்ப இழையிலேயே கொண்டு சேர்க்கிறது. தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்ளும் விளக்கு! இந்தக் கெட்ட புத்தி வாடிக்கையாளருக்கும் தொற்றிவிடக் கூடாதே என்றுதான், வீட்டு ஸ்க்ரூ டிரைவருக்கு மசியாத திருகாணிகளால் மூடியை இறுக்கியிருக்கிறார்கள். என்ன அக்கறை!

கடைக்காரரைக் கேளுங்கள். "தனியா வராதுங்க, மூடியோடதான் வரும்." மூடி விலைக்குக் கொஞ்சம் மேலே போட்டால் புது அடுப்பே வந்துவிடும். மிஞ்சும் பழைய கண்ணாடிப் பாத்திரத்தில் மீன் வளர்க்கலாம். இந்தத் தத்துவத்தை நாடெங்கும் பரப்ப வேண்டும். குக்கரில் கேஸ்கெட் போனால் சமையலறையை மாற்றுவோம். தெருவிளக்கு எரியாவிட்டால் தெருவையே மாற்றுவோம்.

அடங்காத சிலர் குழாயை மட்டும் எங்கிருந்தோ வரவழைத்து, வெறுங்கையால் பிடித்து மாட்டுகிறார்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு சூட்டில் குவார்ட்ஸைக் கெடுத்து, குழாயின் ஆயுளைக் குறைக்கிறது. சந்தைக்கும் ஒரு தர்மம் உண்டு.

அண்மையில் பெரியவர் ஒருவர் தம் புது அடுப்பும் எரியவில்லையென்று கடைக்குத் தூக்கிவந்தார். கடைப் பையன் நிமிர்ந்திருந்த கைப்பிடியைக் கீழே மடக்கினான். எரிந்தது. இவ்வகை அடுப்புகள் பலவற்றில் கைப்பிடியை மடக்கினால்தான் மின்சாரமே பாயும்.

பழைய அடுப்பைக் காலையிலேயே மாநகராட்சி வண்டி எடுத்துப் போய்விட்டது.