காடறிந்த அப்பா

வழி தெரியாத அப்பாவால் குடும்பத்துக்கு ஆபத்தில்லை. தெரிந்த மாதிரி முன்னால் நடக்கிறாரே, அவரிடம்தான் உஷாராக இருக்க வேண்டும். அந்த வம்சத்தின் தலைமகன், அமெரிக்கக் கார்ட்டூன் தொடரான 'தி சிம்ப்சன்ஸ்' தந்த ஹோமர் சிம்ப்சன். அணுமின் நிலையத்தில் பாதுகாப்பு ஆய்வாளர். அவருடைய ஊரான ஸ்பிரிங்ஃபீல்டு இன்னும் இருக்கிறது என்பதே அதிசயம்.

1990 பிப்ரவரியில் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் இவருக்குக் காட்டு ஆசை பிடிக்கிறது. நிஜத்தில் ஆசை காட்டின்மேல் இல்லை. நம் நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவன் போல ஒன்றை வாங்கி நிறுத்திவிட்டார் பக்கத்து வீட்டு ஃபிளாண்டர்ஸ். வயிற்றெரிச்சலோடு கடைக்கு ஓடிய ஹோமர், இருப்பதிலேயே பெரியதைக் கேட்கிறார். இவரது கடன் லட்சணத்தைக் கணினியில் தட்டியதும் அபாயச் சங்கு அலறுகிறது. அது நல்ல சங்கா என்று விசாரிக்கிறார் மனிதர்! இந்த ஒரு கேள்விக்காகவே இவரை எனக்குப் பிடிக்கும்.

கடைசியில் தலையில் கட்டப்பட்ட ஓட்டை வண்டி, குடும்பத்தோடு போன காட்டுப் பயணத்தில் மலை விளிம்பில் தொங்கி, விழுந்து நொறுங்குகிறது. அப்பாவின் முகத்தில் கலக்கமே இல்லை. காடு அவருக்கு அத்துப்படியாம். மனைவி மார்ஜையும் மகள் லிசாவையும் உட்காரவைத்துவிட்டு, மகன் பார்ட்டுடன் உதவி தேடிக் கிளம்புகிறார். கைக்குழந்தை மேகி பின்தொடர்ந்து வந்ததையே பார்க்கவில்லை. முயலுக்காக இளமரத்தை வளைத்துக் கண்ணி வைக்கிறார். மரம் நிமிர்ந்த வேகத்தில் முயல் ஆகாய மார்க்கமாக ஊர் போய்ச் சேர்கிறது. சீக்கிரமே அப்பாவும் பிள்ளையும் உடுத்திய துணியையும் இழந்து, இலைதழைக்கும் சேற்றுக்கும் வந்துவிடுகிறார்கள்.

மேகிக்கோ கரடிக் கூட்டத்தில் ராஜ உபசாரம். மார்ஜும் லிசாவும் தீ மூட்டிக் குளிர்காய்கிறார்கள். காட்டைப் பற்றி ஜம்பம் அடிக்காத மூவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஹோமர் தேன்கூட்டில் வாய் வைக்கிறார். தேனீக்கள் நாக்கிலேயே கொட்டுகின்றன. உடம்பெல்லாம் சேறு, வாயில் உறுமல் மட்டும். அந்தக் கோலத்தில் ஒருவர் படமெடுத்துவிட, பிக்ஃபுட் என்னும் காட்டு மனிதன் அகப்பட்டான் என்று நாடே திரள்கிறது. 1967-இல் கலிஃபோர்னியாவின் பிளஃப் கிரீக்கில் எடுத்த, ஒரு நிமிடம்கூட ஓடாத படத்தை வைத்து இன்னும் சண்டை போடும் நாடல்லவா! பிடித்துத் தந்தால் 5,000 டாலர் என்கிறது ஒரு பத்திரிகை. கட்டிய மனைவி அடையாளம் சொன்னால், அதுவும் பிக்ஃபுட் பெண்டாட்டியின் பேட்டியாகிறது.

பிடிபட்டவரை விஞ்ஞானிகள் குடைந்தெடுக்கிறார்கள். தரம் குறைந்த மனிதராகவும் இருக்கலாம், அபார அறிவுள்ள மிருகமாகவும் இருக்கலாம் என்று இழுத்து, வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆபீஸில் கேலி செய்வார்களே என்பதுதான் ஹோமரின் கவலை. மார்ஜ் அந்த இரண்டில் மிருகத்தைத் தேர்ந்தெடுத்து, அவரை ஆசையாக அப்படியே கூப்பிடுகிறார்.