பக்கம் காலி, பதிவாளர் அவர்களே!

மாண்பமை பல்கலைக்கழகப் பதிவாளர் அவர்களின் மேலான சமூகத்துக்கு,

பார்வையற்ற மாணவர்கள் படிக்கக்கூடிய வடிவில் பாடப்பொருள்களை வழங்க வேண்டும் என்று இணைப்புக் கல்லூரிகளுக்குத் தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கை, வகுப்பு வாட்ஸ்அப் குரூப் வழியாக முதுகலைத் தமிழ் படிக்கும் பார்வையற்ற மாணவி ஒருவரையும் வந்தடைந்தது. ஆவலோடு திறந்தார். திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் அவருடைய ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் மொத்த அறிக்கையையும் இரண்டே சொல்லில் வாசித்து முடித்தது: “பக்கம் காலி.”

மென்பொருளுக்கு அலுவலக மரியாதை தெரியாது, மன்னித்துவிடுங்கள். அதன் பின்னால் இருக்கும் உழைப்பு அதற்கு எங்கே புரியப்போகிறது? கணினியில் தட்டச்சு செய்து, அச்செடுத்து, பச்சை மையில் ஒப்பமிட்டு, ஊதா முத்திரையைச் சரியாக இரண்டாம் பத்தியின் மேல் குத்தி, சற்றே சாய்த்து ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கியிருக்கிறார்கள். வாசிக்க முடிந்த ஒன்றை வாசிக்க முடியாததாக்க எத்தனை பேர் பாடுபட்டிருக்கிறார்கள்! ஸ்கேன் செய்தால் எழுத்து வெறும் படமாகிவிடும். படத்தை எழுத்தாக்கும் ஓசிஆர் இருக்கிறதே என்பீர்கள். சாய்வும் முத்திரையும் சேர்ந்தால் அதுவும் உளறும்.

பாடக் குறிப்புகளும் தங்கள் வழியே நடக்கின்றன. இலக்கணத் தாளுக்கு செராக்ஸின் செராக்ஸ், அதன் மேல் யாரோ பழைய மாணவர் போட்ட பால்பாயின்ட் அடிக்கோடுகள். பக்கம் காலி. உரைநடை வரலாற்றுக்கு மட்டும் வேர்டு கோப்பு வந்தது, பாமினி எழுத்துருவில். நாம் ‘தமிழ்’ என்று பார்க்கும் இடத்தில் ஸ்கிரீன் ரீடர் “ஜே, கே, பி, ஓ, செமிகோலன்” என்கிறது. கோப்புக்குள் கிடப்பவை ஆங்கில எழுத்துகள்தான். தமிழ் மேலே போர்த்திய உருவம். தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. அந்த ஆணை தங்களுக்கு வந்திருக்கும். ஸ்கேன் செய்து வந்திருந்தால், பாவம், பக்கம் காலி.

காப்புரிமை தடுக்கிறது என்று துறையில் யாரோ சொன்னார்களாம். மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக நூல்களை வேறு வடிவுக்கு மாற்றலாம் என்று காப்புரிமைச் சட்டம் 2012-லேயே திருத்தப்பட்டுவிட்டது. இதற்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடத்தை ஒதுக்கியது. யுஜிசி 2022-ல் அணுகல் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. 2024 நவம்பரில், ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். இத்தனையும் தங்கள் கோப்பில் இருக்கும், அழகாக ஸ்கேன் செய்யப்பட்டு.

அந்த மாணவி இரவு பத்து மணிக்கு மேல் விடுதி வராந்தாவில் நின்று, “இந்த யூனிட்டை மட்டும் வாசிச்சு ரெக்கார்ட் பண்ணிக் குடுடி” என்று தோழியிடம் கெஞ்சுகிறார். தோழிக்கும் அதே தேர்வுதான். இருவர் கட்டுவதும் ஒரே கட்டணம். ஒருத்திக்குக் கொடுத்த புத்தகத்தை இன்னொருத்திக்கு மறுத்துவிட்டு, மறுத்ததையே நலத்திட்டம் என்று சுற்றறிக்கை விடுவதற்கு வெட்கமாக இல்லையா?

பொறுத்தருள்க. தங்கள் பெருந்தன்மையை யாரும் மறக்கவில்லை. தேர்வில் சொல்வதை எழுத ஸ்க்ரைப் உண்டு, மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. எழுதத் தாராளமாகத் தருகிறீர்கள். படிக்கத்தான், முன்பே சொன்னதுபோல, பக்கம் காலி.

பணமில்லை என்றும் சொல்ல வழியில்லை. என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் 2006-ல் தொடங்கியது. தமிழும் வாசிக்கும், யூனிகோடில் தந்தால். தங்களிடம் கேட்பது ஒன்றுதான். சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்த மூலக் கோப்பு அலுவலகக் கணினியில் இன்னும் இருக்கும். அச்செடுக்காமல், முத்திரை குத்தாமல், அதை அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். பாடக் குறிப்புகளையும் அப்படியே, யூனிகோடில் அனுப்பும்படி துறைகளுக்கு இந்த வாரமே உத்தரவிடுங்கள். பருவத் தேர்வு நெருங்கிவிட்டது.