மூன்று பந்து, இரண்டு கை

கேள்வி: மூன்று பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்கும் வித்தையை வீட்டிலேயே கற்க முடியுமா? கை இரண்டுதானே!

பதில்: முடியும். மூன்றாவது பந்துக்குக் காற்றில் இடம் இருக்கிறது. முதலில் ஒரே பந்தைக் கண் உயரத்துக்கு வளைவாக மறு கைக்கு எறிய வேண்டும். பிறகு இரண்டு பந்து. முதல் பந்து உச்சியைத் தொட்ட பிறகே அடுத்தது கிளம்ப வேண்டும்; பலர் தடுமாறும் இடம் இதுதான், பதற்றத்தில் இரண்டாவதை எறியாமல் கைக்குக் கை கொடுத்துவிடுவார்கள். மூன்றாவது பந்து அதே தாளத்தின் நீட்சி. அரிசி நிரப்பிய துணிப்பந்து விழுந்தாலும் உருண்டோடாது. கட்டிலருகே நின்று பழகினால் குனியவும் வேண்டாம். 2004-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஜெர்மன் ஆய்வில், மூன்று மாதம் பழகியவர்களின் மூளையில் அசைவைக் கவனிக்கும் பகுதி சற்று வளர்ந்திருந்தது. பயிற்சியை நிறுத்தியதும் அந்த வளர்ச்சி குறைந்தது.