2147483647: ஒரு பகா எண்ணின் தொலைபேசி வாழ்வு குறித்த முதற்கட்ட ஆய்வு

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. மூச்சு வாங்கிக்கொண்டு மேலே படிக்கலாம். இந்தியாவின் கைபேசி எண்கள் அத்தனையையும் விழுங்கும் ஆற்றல் இவ்வெண்ணுக்கு உண்டு என்பதே நம் கருதுகோள்.

முதலில் குலம் கோத்திரம். 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் இது வரும். மெர்சென் பகா எண்களில் எட்டாவது. பகா எண்தான் என்று 1772-இல் நிறுவியவர் ஆய்லர். காரணி ஏதேனும் இருந்தால் அதை 248-ஆல் வகுக்கையில் 1 அல்லது 63 மீதி வந்தாக வேண்டும் என்று கண்டு, வேலையை 372 வகுத்தல்களுக்குள் அடக்கினார். அதுவும் பார்வை ஏறக்குறையப் போய்விட்ட வயதில். 1811-இல் பீட்டர் பார்லோ, இதிலிருந்து பிறக்கும் செவ்விய எண்ணைத் தாண்டி இனி யாரும் தேடப்போவதில்லை, இவற்றால் பயன் இல்லையே என்று எழுதிவைத்தார். பயனில்லாத வேலையை மனிதர்கள் விட்டுவிடுவார்கள் என்று நம்பியிருக்கிறார், பாவம்.

கணினிக்கு இது 31 ஒன்றுகளின் வரிசை. 32 பிட்டில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போக, எஞ்சிய இடத்தில் கொள்ளும் உச்சவரம்பு. 1970 முதல் நொடிகளை இந்த அளவிலேயே எண்ணிவரும் பழைய கணினிகளுக்கு 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரம் காலை 8:44:07-க்குக் கணக்கு தீரும். அடுத்த நொடி 1901 டிசம்பர். எமகண்டம் தொடங்க அப்போது இன்னும் கால்மணி இருக்கும். ஆகவே பஞ்சாங்கத்தின் மேல் பழி இல்லை.

இனி முக்கியக் கண்டுபிடிப்பு. நம் கைபேசி எண்கள் பத்து இலக்கம். 6, 7, 8, 9-இல் ஒன்றில் தொடங்குபவை. ஆக, இருப்பதிலேயே சிறியதும் 600 கோடிக்குக் குறையாது. அதை, மேற்சொன்ன 32 பிட் அளவான ‘இன்ட்’ என்று அறிவித்த தரவுத்தளப் பத்தியில் இட்டால், கண்டிப்பு முறை அணைக்கப்பட்ட மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருள் மறுத்துப் பேசாது. கொண்டமட்டும் கொண்டு 2147483647 என்று பதிந்துகொள்ளும். பால்காரர், சம்பந்தி, கடன் கொடுத்தவர் எல்லோருக்கும் ஒரே எண். அதையும் அமெரிக்க முறைப்படி பிரித்தால் 214 என்பது டல்லாஸ் நகரின் குறியீடு.

தரைவழி எண்களில் நுட்பமான பாகுபாடு தெரிகிறது. ஊர்க் குறியீட்டின் முன்னிற்கும் சுழியம் உதிர்ந்தபின் தில்லி 11, புனே 20: இரண்டும் தப்பிக்கின்றன. மும்பை 22, நூலிழையில் மூழ்குகிறது. மும்பையைவிடத் தங்கள் ஊரே மேல் என்னும் புனேக்காரர்களுக்குக் கணிதச் சான்று கிடைத்தாயிற்று. 44-ஐச் சுமக்கும் சென்னையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

தொலைபேசி எண்ணை எண்ணாக அல்லாமல் எழுத்துகளாகச் சேமிக்க வேண்டும், இரண்டு தொலைபேசி எண்களைக் கூட்டிப் பயன்பெற்றவர் எவருமிலர் என்று மாற்றுத் தரப்பினர் வாதிடுகின்றனர். வாதம் சரியே. ஏற்றுக்கொண்டால் இத்துறையில் ஆய்வு செய்ய ஒன்றும் மிஞ்சாது என்பதால் அதை வன்மையாக மறுக்கிறோம்.