கெந்திங் மலைக்குப் போற பேராண்டிக்கு

வா ராசா, இப்படித் திண்ணையில உக்காரு. சிமெண்டுக் கம்பெனிக்காரன் உன்னை மலேசியாவுக்குக் கூட்டிட்டுப் போறானாமே? பாகலூர் ரோட்டுல கடை போட்ட நாள்ல இருந்து சொந்தத் தாத்தனுக்கு ஒரு மூட்டையாவது விலை குறைச்சுக் குடுத்திருப்பியா? உனக்குப் போய் விமான டிக்கெட்டு. போகட்டும், வயித்தெரிச்சல்ல பேசினா வழிப்பயணம் வெளங்காது. ரெண்டு ராத்திரி கெந்திங் மலையில தங்கல்னு கேள்விப்பட்டேன். உங்கப்பனுக்கு முதுகுவலி வந்த வருஷம் அவன் இடத்துல நான்தான் போயிட்டு வந்தேன். அதனால சொல்றேன், கேட்டுக்கோ.

முதல்ல அந்த மலையோட கதை. 1964ல லிம் கோ தோங்னு ஒரு சீனக் காண்ட்ராக்டர், கேமரன் மலையில மின்சார வேலை எடுத்துச் செஞ்சுக்கிட்டு இருந்தார். சாயங்காலக் குளிர்காத்து மூஞ்சியில பட்டதும், கோலாலம்பூருக்குப் பக்கத்துலயே இப்படி ஒரு மலை இருந்தா சனம் கொட்டுமேன்னு தோணுச்சாம். காட்டை வெட்டி ரோடு போட்டு, 1969ல சூதாட்ட லைசென்ஸ் வாங்கி, 1971ல முதல் ஓட்டலைத் திறந்துட்டார். நம்ம ஓசூர்லயும்தான் குளிர்காத்து வீசுச்சு. வெள்ளைக்காரன் சின்ன இங்கிலாந்துன்னு கொஞ்சினான், மத்திகிரியில 1824லயே குதிரைப் பண்ணை வெச்சான். நாம அந்தக் காத்துல என்ன செஞ்சோம்? சிப்காட்டு வெச்சு ஷிப்டு பாக்கறோம். ஆளுக்கு ஆள் யோசனை வேற.

உன்னை இறக்கி விடற ஓட்டல் ஃபர்ஸ்ட் வேர்ல்டா இருந்தா, அதுல 7,351 அறை. உலகத்துலயே அதிக அறை உள்ள ஓட்டல்னு 2015ல கின்னஸ்காரன் எழுதிக்கிட்டான். சாதா அறையில ஏசி இருக்காது, மலைக்குளிரே போதும். ‘ஏசி இல்லாத ரூம் குடுத்து ஏமாத்திட்டான்’னு கவுண்டர்ல நின்னு கத்தி ஊர் மானத்தை வாங்காதே. ஸ்வெட்டர் எடுத்துக்கோ. வார நாள்ல அங்க வாடகை இறங்கிடும், சனி ஞாயிறும் பள்ளிக்கூட லீவும் வந்தா ஏறிடும். டூர் தேதியை வார நடுவுல போடச் சொல்லிக் கம்பெனிக்காரன்கிட்டக் கேளு. மிச்சமாகிற காசுக்கு இன்னொரு ராத்திரி சேத்துக் கேளு. சிமெண்டுல கமிஷன் கேக்கத் தெரிஞ்சவனுக்கு இதைச் சொல்லியா தரணும்?

ஏன் அறையைச் சல்லிசாக் குடுக்கறான்? நீ அறையில இருக்கக் கூடாதுன்னுதான். சாப்பாட்டுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் நாலு திருப்பத்துல ஒரு திருப்பம் சூதாட்டக் கூடத்துப் பக்கம் இழுக்கும். உள்ளே சன்னல் கிடையாது, சுவத்துல கடிகாரம் கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்கும் மத்தியானம் ரெண்டு மணிக்கும் ஒரே வெளிச்சம். டைட்டான் கம்பெனி வாட்ச்சு கட்டிக்கிட்டுத் திரியறியே, அது மணி பாக்க உதவற ஒரே இடம் அதுதான்.

இப்ப முக்கியமான சங்கதி. உள்ளே போக டிக்கெட்டு இல்லை. 21 வயசு ஆச்சுன்னு பாஸ்போர்ட்டைக் காட்டினாப் போதும், ‘வாங்க சார்’னு விட்டுடுவான். ஆனா அந்த நாட்டு முஸ்லிம்னா உள்ளே விடமாட்டான், சட்டம். சிங்கப்பூர்ல பாரு, 2010ல ரெண்டு பெரிய காசினோ திறந்தான். சொந்தக் குடிமகன் உள்ளே போகணும்னா ஒரு நாளைக்கு 100 வெள்ளி கட்டுன்னான், 2019ல அதை 150 ஆக்கிட்டான். வெளிநாட்டுக்காரனுக்கு இனாம். நம்ம கோவாவுல மாண்டவி ஆத்துல கப்பல்ல நடக்குதே, அங்க 2020 பிப்ரவரியில இருந்து கோவாக்காரன் ஆட்டத்துல உக்காரக் கூடாது. ஓசூர்க்காரன் உக்காரலாம், தாராளமா. ஊருக்கு ஊர் தன் புள்ளையைக் கதவுக்கு வெளியே நிறுத்திட்டு அடுத்தவன் புள்ளைக்குக் கம்பளம் விரிக்கறான். இது பாசம்னு நீ நினைச்சா, எங்க முனியப்பன் கோயில் கிடா மாதிரிதான் நீயும். மஞ்சத்தண்ணி ஊத்தி மாலை போட்டதும் அது சிலிர்த்துத் தலையை ஆட்டும். சம்மதம் சொல்லிடுச்சுன்னு பூசாரி சொல்லுவான்.

‘தாத்தா, நான் மங்காத்தா ஆடினவன்தானே’ம்பே. தெரியும், பொங்கலுக்கு மாந்தோப்புல நீ ஆடின சீர் ஊருக்கே தெரியும். அதே உள்ளே வெளியே ஆட்டம்தான் கோவாவுல அந்தர் பாஹர்னு கோட்டு போட்டுக்கிட்டு நிக்குது. முதல் சீட்டு எந்தப் பக்கம் விழுதோ அந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல் யோகம், நூத்துக்கு 51.5. அதைக் கண்டுபிடிச்ச கெட்டிக்காரன் நீ மட்டும்னு நினைக்காதே. அந்தப் பக்கம் ஜெயிச்சா ரூபாய்க்கு 90 பைசாதான் தருவான். அதுவும் போக, 2025 செப்டம்பர்ல இருந்து கோவாவுல இதுக்கு 40 சதவீதம் ஜிஎஸ்டி. தோப்புல ஆடினா 1930ஆம் வருஷத்துச் சட்டத்துல வேன்ல ஏத்துவாங்க, அங்க ஆடினா பில்லு போட்டுத் தருவாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

கெந்திங்ல சுத்துற சக்கரத்தைப் பாப்பே. ஒத்தைச் சைபர் மேசைன்னா மொத்தம் 37 கட்டம். ஒரு வேலை செய், 37லயும் பத்துப் பத்து ரிங்கிட் வெக்கறதா மனசுல கணக்குப் போடு. 370 போட்டாச்சு. எந்தக் கட்டம் விழுந்தாலும் அந்தக் கட்டத்து ஜெயிப்பும் உன் முதலும் சேத்து 360தான் கைக்கு வரும். எல்லாத்துலயும் கட்டினவனே பத்து ரிங்கிட்டை விட்டுட்டு எழுந்திரிக்கறான், நீ ஒண்ணுல கட்டி அள்ளிடுவியா? ரெட்டைச் சைபர் இருக்கிற மேசைன்னா பக்கத்துல நிக்கக்கூட நிக்காதே, அங்க பிடித்தம் இதுல ரெண்டு பங்கு. கையில இருக்கிற சிமெண்டு பில்லு பின்னாடி எழுதிப் பாரு, நான் சொல்றது பொய்யான்னு.

அதுக்காகப் போகாமலும் இருந்துடாதே. இனாமா இப்படி ஒரு கூத்து வேற எங்க கிடைக்கும்? நான் ஒரு மேசைக்குப் பின்னாலயே நின்னேன். எனக்கு முன்னால ஒரு அம்மா, என் வயசு இருக்கும். சீட்டை மேசையோட ஒட்டி வெச்சு மூலையை மட்டும் நகத்தால கொஞ்சங்கொஞ்சமா மடிச்சு மடிச்சுப் பாத்துச்சு. முழுசாத் திருப்பவே மனசு வரலை. நடுவுல வாயால ஊதிக்கூடப் பாத்துச்சு, எண்ணு பறந்து மாறிடும்னு. சினிமா கெட்டுது போ. நீயும் நில்லு, கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நில்லு. பர்சைப் பொண்டாட்டிகிட்டக் குடுத்துட்டு நில்லு. அவ அதை எந்தக் கடையில விடுவாங்கிறது தனிக் கதை, ஆனா சேலையாவது வீட்டுக்கு வரும்.

மெம்பர் கார்டு போடச் சொல்லி யாராவது கேட்டா, ஓட்டல்லயும் சாப்பாட்டுலயும் கழிவு உண்டான்னு கேட்டுட்டுப் போடு. ஆனா பாயிண்டு ஏத்தறதுக்காக ஆடினேன்னு வந்து சொன்னா இந்தத் திண்ணையில ஏறாதே. மேலே கேபிள் கார்ல போறப்ப நடுவுல சின் ஸ்வீ கோயில்ல இறங்கிக்கோ. அதே லிம் கோ தோங் கட்டினதுதான். பாறையில கோபுரம், கீழே மேகம், அரை நாள் போறதே தெரியாது. டூர்க்காரன் பஸ்ஸைப் பத்துமலையில நிறுத்தலைன்னா சண்டை போடு, வழியிலதான் இருக்கு. 272 படி. 2006ல வெச்ச முருகன் சிலை 140 அடி. சந்திரசூடேஸ்வரர் மலை ஏறவே கார் கேக்கற உனக்கு, மேல போறதுக்குள்ள சாப்பிட்ட பஃபே எல்லாம் செரிச்சுடும்.

ம்... இவ்வளவு சொல்லியும் பத்து ரிங்கிட்டாவது வெச்சுப் பாக்காம உனக்குத் தூக்கம் வராது, உன் ரத்தம் எனக்குத் தெரியாதா? வெச்சுக்கோ. தோத்தா தோத்ததை உன் பொண்டாட்டிகிட்டயே சொல்லு, அவ பாத்துக்குவா. தப்பித் தவறி ஜெயிச்சுட்டேன்னு வை, அவளுக்கும் சொல்லாதே, உங்கப்பனுக்கும் சொல்லாதே. ராத்திரியானாலும் பரவாயில்லை, முதல்ல எனக்குப் போன் பண்ணு. வடக்கு மூலையில மாட்டுக் கொட்டாய் சுவரு சரிஞ்சு கிடக்கு, இருபது மூட்டை ஆகும்.