இடுப்பில் ஒரு கான்பூர்

ரிவால்வர் வைத்திருப்பவரிடம் "ஏன் பிஸ்டல் வாங்கவில்லை?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டில்தான் என்று ஆகிவிடும்.

திருப்பத்தூரில் புளி மண்டி வைத்திருக்கும் என் மாமாவிடம் நான் கேட்டேன். "பிஸ்டல் நேரங்கெட்ட நேரத்துல சிக்கிக்கும் மாப்ள. ரிவால்வர்ல ஒண்ணு வெடிக்கலைன்னா இன்னொரு தடவை விசையை இழு, அடுத்த தோட்டா வந்து நிக்கும்" என்றார். உண்மைதான். பிஸ்டலில் வெடிக்காத தோட்டாவைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும்; ரிவால்வரில் சிலிண்டர் சுற்றி அதைத் தாண்டிப் போய்விடும். ஒரே சங்கடம், மாமா இத்தனை வருஷத்தில் முதல் தோட்டாவையே வெடித்ததில்லை.

அவருடையது கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் .32. போலீசும் ராணுவமும் வைத்திருந்த .38 பொதுஜனத்துக்குக் கிடையாது. சட்டம் நமக்கு விட்டுவைத்தது இதைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வேட்டித் துணியை விரித்து மாமா உட்காருவார். மேலே உள்ள கொண்டியைக் கட்டைவிரலால் தள்ளினால் துப்பாக்கி நடுவில் மடியும். நட்சத்திரம் மாதிரி ஒரு தகடு எழும்பி, இட்லித் தட்டைத் தூக்குவதுபோல ஆறு தோட்டாவையும் ஒருசேரத் தூக்கிக் கொடுக்கும். எண்ணெய் வாசனை கூடம் முழுக்கப் பரவும். மாமாவுக்கு ரிவால்வர் பிடித்ததற்கு உண்மையான காரணம் இந்த அரை மணி நேரம்தான் என்பது என் கணிப்பு. பாதுகாப்பு என்பது மனுவில் எழுதுவதற்கு.

அவருடைய நண்பர் ஒருவர் ஆம்பூரில் தோல் வியாபாரம். தாத்தா காலத்து இங்கிலீஷ் வெப்லி வைத்திருக்கிறார். 1980களின் நடுவிலிருந்து தனியார் இஷ்டத்துக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்ய வழியில்லாமல் போனதால், அந்தத் துருவேறிய இரும்புக்குப் பூர்வீக நிலத்தின் மரியாதை. "உங்க கான்பூரே வெப்லியைப் பார்த்துச் செஞ்சதுதானே" என்று சிரிப்பார். அது நிஜம் என்பதால் மாமாவுக்கு இன்னும் எரியும்.

2014 ஜனவரியில் பெண்களுக்கென்று 'நிர்பீக்' ரிவால்வர் வந்தபோது மாமா பேப்பரை உரக்கப் படித்தார். டைட்டானியம் கலந்தது, எடை அரைக் கிலோ, விலை 1,22,360 ரூபாய். அத்தை அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "அந்தக் காசுக்கு நகை வாங்கிக் குடுங்க. அப்புறம் நகையைக் காப்பாத்தத் துப்பாக்கி வாங்கலாம்."

துப்பாக்கி வைத்திருப்பவனுக்குத் திருடனைவிடப் பெரிய எதிரி தேர்தல் கமிஷன். தேதி அறிவித்தால் போதும், ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனோம் என்று பட்டாசு வெடித்தவர்களில் மாமாவும் ஒருவர். பிரிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு மட்டும் ஊரக உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனது. அதன் பலன், 2021 ஏப்ரலில் சட்டமன்றம், அக்டோபரில் ஊரக உள்ளாட்சி, 2022 பிப்ரவரியில் நகர்ப்புறம். ஒரு வருஷத்துக்குள் மூன்று தடவை ரிவால்வர் ஸ்டேஷனுக்குப் போய் வந்தது. மாமா தன் கல்யாணத்துக்குக்கூட இத்தனை நடை நடந்திருக்க மாட்டார்.

அந்த அக்டோபரில் 12ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை, 14ஆம் தேதி ஆயுத பூஜை. துப்பாக்கி கைக்கு வரவில்லை. தராசு, படிக்கல், டிவிஎஸ் வண்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்த மாமா, கடைசியில் ஒப்புகை ரசீதுக்கும் ஒரு பொட்டு வைத்துப் பொரி போட்டார். போலீஸ் முத்திரை மேல் படாமல் வைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

புளி வாங்க மாமாவோடு ஜவ்வாது மலையில் புதூர்நாடு பக்கம் போவதுண்டு. அங்கே துப்பாக்கி என்றால் வேறு ஜாதி. கருமருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்து, பால்ரஸ் போட்டுச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி. லைசென்ஸ் கிடையாது. ஒப்படைத்தால் வழக்கில்லை என்று போலீஸ் அவ்வப்போது கெடு வைக்கும். வேலை செய்கிற துப்பாக்கி குற்றமாகவும், சும்மா இருக்கிற துப்பாக்கி கௌரவமாகவும் இருப்பது நம் ஊர் நியாயம்.

சாமைக் காட்டைப் பன்றி உழுதுபோட்ட வயிற்றெரிச்சலில் இருந்த ஒரு பெரியவர் மாமாவின் இடுப்பைப் பார்த்தார். "ஏம்பா, இதுல எத்தனை பன்னி அடிச்சிருக்கே?"

மாமா பதில் சொல்லவில்லை. சிங்காரப்பேட்டை ரோட்டைப் பிடிக்கும்வரை வாயே திறக்கவில்லை. பிறகு சொன்னார்: "பன்னிக்கு .32 பத்தாது மாப்ள. பன்னெண்டு போர் டபுள் பேரல் வேணும். 2019 சட்டத்துல ஆளுக்கு ரெண்டு வெச்சுக்கலாம்னுதானே இருக்கு? நாளைக்கு ஒரு மனு எழுதிடு."