அமுக்கிவிடல்: ரிப்பீட்டர் வாயிலில் புதியவர் நிகழ்த்தும் வினை குறித்து ஓர் ஆய்வு

கையடக்க வானொலியின் பக்கவாட்டுப் பொத்தானை அரை நொடி அமுக்கி, ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டுவிடும் செயலை இக்கட்டுரை ‘அமுக்கிவிடல்’ என்று குறிக்கும். செய்பவர், பெரும்பாலும், அமெச்சூர் வானொலி உரிமம் கைக்கு வந்து மை காயாத ஹாம். செய்யும் இடம் மொட்டை மாடி. காலம், வீட்டார் யாரும் மாடிக்கு வராத வேளை. அமுக்கியதும் கருவியில் சிவப்பு விளக்கு எரியும். விட்டதும் அது பச்சையாகும். எங்கோ மலை உச்சியில் இருக்கும் ரிப்பீட்டர் விழித்துக்கொண்டு வெற்று அலையை ஓரிரு நொடி அனுப்பும், ‘பீப்’ என்று ஓர் ஒலி கொடுக்கும், ‘க்ஷ்’ என்று அடங்கிவிடும். புதியவர் முகம் மலர்கிறது. கருவியை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போகிறார். மலை பதில் சொன்ன பிறகும் அவர் ஏன் பேசவில்லை என்பதே நம் ஆய்வுச் சிக்கல்.

இப்பொருளில் முன்னாய்வுகள் இல்லை. மின்னணு நூல்கள் கருவியைப் பேசுகின்றன, சட்ட நூல்கள் விதியைப் பேசுகின்றன, கட்டைவிரலைப் பற்றிப் பேச ஆளில்லை. நம் நாட்டில் 12 வயது நிரம்பியவர் எவரும் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வை எழுதி, வியூ3 என்றோ வியூ2 என்றோ தொடங்கும் கால்சைன், அதாவது அழைப்புக்குறி, வாங்கலாம். ஓம் விதி தெரிந்தால் மதிப்பெண் உண்டு. விரல் நடுங்காமல் பொத்தானை அமுக்கினால் அரை மதிப்பெண்கூடக் கிடையாது.

முதலில் ரிப்பீட்டர் ஏன் தேவைப்பட்டது என்று பார்ப்போம். 2 மீட்டர் அலைவரிசை, அதாவது இந்தியாவில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை, ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். தரையில் நிற்கும் ஒருவரின் வானொலித் தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டர். அதே உயரத்தில் நிற்கும் இன்னொருவருக்கும் அவ்வளவே. இருவருக்கும் இடையே கணக்குப்படி 10 கிலோமீட்டர் வரும். நடுவில் நான்கு அடுக்குமாடிகள் நின்றால் கணக்கு நோட்டில் மட்டும்தான் வரும். ஏற்காடு போன்ற ஒரு மலையில், சேலத்துத் தரைமட்டத்துக்கு மேல் 1,200 மீட்டரில் ஓர் ஆன்டெனா நின்றால் அதன் தொடுவானம் சுமார் 140 கிலோமீட்டர். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கிக்கொள்க. கீழே 5 வாட் கையடக்க வானொலி வைத்திருப்பவரை மேலே ஒன்று கேட்டு, அதே நொடியில் உரத்துத் திருப்பிச் சொல்லுமானால் காரியம் முடிந்தது. 1950களில் கலிஃபோர்னியாவில் ஆர்ட் ஜென்ட்ரி என்ற ஹாம் இப்படி ஒன்றைத் தானாக இயங்கவிட்டார். அமுக்கிவிட்ட முதல் மனிதர் யார் என்பதை வரலாறு பதிவு செய்யாமல் விட்டது பெருங்குறை.

ஒரே அலைவரிசையில் கேட்டுக்கொண்டே பேசினால் ரிப்பீட்டர் தன் குரலைத் தானே கேட்டுச் செவிடாகிவிடும். ஆகவே அது ஓர் எண்ணில் பேசும், 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னோர் எண்ணில் கேட்கும். அது 145.600இல் பேசுகிறது என்று வைத்துக்கொண்டால் நாம் அதனிடம் பேச வேண்டியது 145.000இல். இதுவும் போதாது. நம் குரலோடு ஒரு தாழ்ந்த சுரமும் கலந்து போக வேண்டும். சிடிசிஎஸ்எஸ் எனப்படும் இந்த டோன் 67 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரை பல படிகளில் உண்டு, 88.5 என்பது அடிக்கடி காணப்படுவது. கேட்பவரின் கருவி இதை வடிகட்டிவிடுவதால் மனிதக் காதுக்கு எட்டாது. ரிப்பீட்டருக்கோ இதுதான் கதவு தட்டும் ஓசை. டோன் இல்லாமல் நாள் முழுக்கக் கத்தினாலும் அது அசையாது.

புதியவர்கள் கையில் பரவலாகக் காணப்படும் பாஃபெங் யூவி-5ஆர் கருவியில் இந்த ஞானம் மூன்று மெனுக்களில் அடங்கியிருக்கிறது. 13இல் டோன், 25இல் கூட்டலா கழித்தலா என்ற திசை, 26இல் எவ்வளவு தள்ளி என்ற அளவு. இம்மூன்றையும் ஓதாமல் அமுக்கியவர் பச்சை விளக்கைக் காணமாட்டார். ‘எல்லாரும் பேசுவது எனக்குக் கேட்கிறது, என்னைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை’ என்று அவர் மனம் நொந்தால் காரணம் உலகத்தின் பாராமுகம் அல்ல, மெனு 25இல் கழித்தலுக்குப் பதில் கூட்டல். கேட்பதைவிடப் பேசுவதில் வல்ல ரிப்பீட்டர்களும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பெரிய வாய், சிறிய காது என்பதால் அவற்றுக்கு ஹாம்கள் ‘அலிகேட்டர்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். இவ்வகை மனிதரிடத்தும் உண்டு. அது வேறு கட்டுரைக்குரியது.

மூன்று மெனுவும் சரியாக அமைந்தபின் நிகழும் அமுக்கிவிடலே நம் ஆய்வுக்குரிய தூய வடிவம். இதன் வேர் மிஸ்டு காலில் இருக்கிறது என்பது எமது கருதுகோள். ‘வந்துட்டேன்’, ‘கிளம்பிட்டேன்’, ‘நீ கூப்பிடு’ என்று முழு வாக்கியங்களை ஒரே மணியில் காசில்லாமல் அனுப்பிப் பழகிய சமூகம் நாம். மணி அடித்தால் போதும், மறுமுனையில் உள்ளவர் பொருள் கொள்வார். அந்தப் பழக்கமே விரல்வழி மலை ஏறியிருக்கிறது. வேறுபாடு ஒன்றுதான். மிஸ்டு காலில் அழைத்தவர் எண் தெரியும். அமுக்கிவிடலில் யார் என்று ஊருக்கே தெரியாது. 140 கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் மூத்த ஹாம்கள் ஒவ்வொருவரும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ‘யாருப்பா அது? கால்சைன் ப்ளீஸ்’ என்கிறார்கள். அதற்குள் புதியவர் கருவியை அணைத்துவிடுகிறார். கால்சைன் சொல்லாமல் அலை அனுப்புவது விதிமீறல் என்பது தேர்வில் அவரே விடை எழுதிய கேள்விதான்.

எல்லா ரிப்பீட்டரும் அமுக்கிவிடலுக்கு மசிவதில்லை. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 ஏற்றிச் சென்ற ஹாம்சாட், 42.5 கிலோ எடையுள்ள நம் நாட்டுத் துணைக்கோள், 2014 ஜூலை வரை உலக ஹாம்களின் குரலை வாங்கித் திருப்பி அனுப்பியது. அது எஸ்எஸ்பி முறையில் பேசுவோருக்கு ஏற்ற வகை. அம்முறையில் வாய் திறக்காதவரை அலையே எழாது, வெறும் விரலுக்கு அங்கே மதிப்பில்லை. இவ்வாய்வாளர் பெரிதும் மதிக்கும் துணைக்கோள் அது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2020 செப்டம்பரில் இயக்கத்துக்கு வந்த ரிப்பீட்டரோ எஃப்எம் வகை. 145.990இல் 67 ஹெர்ட்ஸ் டோனோடு அமுக்கினால் 437.800இல் பதில் வரும். நிலையம் தலைக்கு மேல் பத்து நிமிடம் தாண்டி நிற்காது. அந்தப் பத்து நிமிடத்தில் பல நாட்டவர் முண்டியடிக்கும்போது, சும்மா அமுக்கிப் பார்ப்பவர் எத்தனை நாட்டு மொழிகளில் திட்டு வாங்குகிறார் என்பது அவருக்குத் தெரியாமல் போவதே நலம்.

இனி மாற்று வழி. இப்பொருளில் இலக்கணம் இல்லாமையால் இவ்வாய்வாளரே ஒரு நூற்பா செய்ய நேர்ந்தது:

கேட்டல் முன்னே அமுக்கல் பின்னே
அமுக்கிய விரலோ டொருநொடி பொறுத்துத்
தன்பெயர் மொழிதல் தலையா யதுவே.

இதன் உரை. கேட்டல் முன்னே என்றது, வேறு இருவர் பேசிக்கொண்டிருக்கையில் ஊடே விழாமைப் பொருட்டு. ஒருநொடி பொறுத்து என்றது என்னை எனின், ரிப்பீட்டர் அலையை உணர்ந்து, டோனை அறிந்து, தன் ஒலிபரப்பியை எழுப்பச் சிறிது நேரம் கொள்ளும் ஆதலின். பொறாது பேசியவர் ‘வணக்கம்’ என்றால் ஊருக்கு ‘ணக்கம்’ என்றே கேட்கும். இன்னும் அவசரக்காரர் ‘க்கம்’ ஆவார். ணகரம் மொழிக்கு முதலில் வாராது என்று தொல்காப்பியம் முதல் நன்னூல் வரை விதித்திருக்க, நாள்தோறும் காலையில் ஹாம்கள் ரிப்பீட்டரில் கூடிப் பேசும் ‘நெட்’டில் அவ்விதி தகர்கிறது. ககர மெய்யை முதலாகக் கொண்ட சொல்லைப் பற்றி உரையாசிரியர்கள் என்ன சொல்வார்கள் என்று எண்ணவும் அச்சமாக இருக்கிறது. ‘வி’யை ‘விக்டர்’ என்றும் ‘யூ’வை ‘யூனிஃபார்ம்’ என்றும் விரித்துச் சொல்லும் கால்சைனுக்கும் இதே கதிதான். ‘விக்டர்’ விழுந்துவிட்டால் மிஞ்சுவது ‘யூனிஃபார்ம்’, காக்கியா வெள்ளையா என்று கேட்பவர் திகைப்பார்.

அற்றேல், தன்பெயர் மொழிந்தபின் வேறு என்ன சொல்வது எனின், ‘லிசனிங்’ என்றால் போதும். சிக்யூ, சிக்யூ என்று உலகை அழைப்பது நீண்டதூர அலைவரிசைகளில் பொருந்தும். ரிப்பீட்டரில் எல்லோரும் ஒரே எண்ணில்தான் காத்திருக்கிறார்கள்.

உடனே ஒருவர் ‘ஃபைவ் நைன், ஓஎம்!’ என்று பாராட்டுவார். குரல் தெளிவு 5க்கு 5, வலிமை 9 என்று பொருள்; ‘ஓஎம்’ என்பது ஹாம்கள் சக ஹாமை விளிக்கும் சொல். புதியவர் பூரிக்கிறார். அந்த 9, சொன்னவரின் மீட்டர் முள்ளில் பார்த்த 9. அவர் மீட்டர் அளந்தது மலைமேல் உள்ள ரிப்பீட்டரின் அலையை, மொட்டை மாடியில் நிற்பவருடையதை அல்ல. புதியவர் ரிப்பீட்டருக்குள் கரகரவென்று பாதி மூழ்கியிருந்தாலும் முள் அதே 9இல்தான் நிற்கும். உண்மை நிலையைச் சொல்வது பின்னணி இரைச்சல் மட்டுமே. இரைச்சல் மிகுதி எனில் ஆன்டெனாவை நிமிர்த்துக. சினிமா போலீஸ்காரர்கள் வாக்கிடாக்கியைக் கன்னத்தோடு சாய்த்துப் பிடிப்பதைப் பார்த்து நாமும் சாய்த்தால், செங்குத்தாக நிற்கும் மலை ஆன்டெனாவுக்கு நம் அலை கோணலாகப் போய்ச் சேரும். அப்போதும் தேறாவிட்டால் இரண்டடி தள்ளி நிற்க. அலைநீளமே 2 மீட்டர் என்பதால், தண்ணீர்த் தொட்டிக்கு இப்பக்கம் செத்துக் கிடந்த குரல் அப்பக்கம் உயிர்பெறுவது அன்றாட நிகழ்வு. அக்கம்பக்கத்தார் இந்த நடனத்தைப் பற்றி வைத்திருக்கும் கருத்துகள் தனியே தொகுக்கத்தக்கவை.

முதல் பெயர்மொழிதலுக்கு மூன்று பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்லக்கூடும். எஃப்எம்மில் வலிமை மிக்க அலை மற்றதை விழுங்கிவிடும். மலைக்கு அருகில் இருப்பவர் குரல் மட்டும் வெளியே வரும், சம வலிமை எனில் யாருக்கும் விளங்காத ஓர் ஊளை. ஆகையால் ஒருவர் முடித்ததும் ‘பீப்’ கேட்கும்வரை பொறுத்து அடுத்தவர் தொடங்குவது மரபு. அந்த இடைவெளி மூன்றாமவர் நுழைவதற்கும் பயன்படும். அவசரச் செய்தியோடு ஒருவர் காத்திருக்கலாம்.

அமுக்கிவிடலிலிருந்து விடுபட்டவருக்கு அடுத்து வருவது அதன் மறுதலையான விடாது அமுக்கல். கருவி என்ன, எத்தனை வாட், என்ன ஆன்டெனா என்று கேட்கப்பட்டதும் அடைபட்டிருந்த பேச்சு திறந்துகொள்கிறது. ஆன்டெனாவை எங்கே வாங்கினார், எவ்வளவு பேரம் பேசினார், மாமனார் ஏன் எதிர்த்தார் என்று போகிறது. ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் ஒலிபரப்பியை நிறுத்திவிடும் கடிகாரம் ரிப்பீட்டரில் உண்டு, வழக்கமாக 3 நிமிடம். பேசுபவருக்கு இது தெரியாது, அவர் விரல்தான் இன்னும் பொத்தானில் இருக்கிறதே. மாமனார் சமாதானம் ஆகும்வரை சொல்லி முடித்து, விரலை எடுக்கிறார். ‘பீப்’ இல்லை, ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் சொக்கிப்போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த மூன்று நிமிடத்துக்கு அமுக்குகிறார்.